மூன்று மேற்படிகள்

பூந்தாங்கல் கிராமத்துச் சாகுபடிப் பதிவேட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள். ஒரு வரிக்கு ஒரு சீட்டு. அத்தனை சீட்டையும் சுந்தரவல்லிதான் எழுதினாள். பத்தொன்பது நாள் பிடித்தது. கடைசிச் சீட்டை எழுதி முடித்தபோது அவளுடைய நடுவிரலில் மிளகு அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரையெல்லாம் பதிவு செய்துவிடுவது என்று சர்க்கார் கிளம்பியிருந்தது. பெயர் பதிவாகிவிட்டால் அந்த ஆளை நிலத்தைவிட்டு அவ்வளவு லேசில் கிளப்ப முடியாது. இந்த வேலைக்காக உத்திரமேரூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், முன்பு நெல் மண்டியாக இருந்த ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, ஆறு பேரைத் தற்காலிகமாக நகல் எழுதப் போட்டார்கள். ஆறு பேரில் சுந்தரவல்லி ஒருத்திதான் பெண். வரதர் கோயில் மடைப்பள்ளிக் குடும்பம். பத்தாவது முடித்தவள், இருபத்தாறு வயது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்து போகும்வரை நாலு வார்த்தை பேசினால் அதிகம். "அந்தப் பொண்ணு வாயைத் தொறக்கணும்னா தாசில்தார் உத்தரவு வேணும்டா" என்று மற்ற ஐந்து பேரும் அவள் காதுபடவே சிரிப்பார்கள். அவள் காதில் விழும். பதில் விழாது.

வேலை பார்வைக்குச் சுலபம். பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டம்: நில எண், பரப்பு, சொந்தக்காரர், சாகுபடி செய்கிறவர், பயிர். அச்சடித்த சீட்டிலும் அதே ஐந்து கட்டம். பதிவேட்டுக் கட்டத்தில் இருப்பதைச் சீட்டுக் கட்டத்தில் இறக்கி, மூலையில் இனிஷியல் போட வேண்டும். சீட்டெல்லாம் தகரப் பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு மெஷினில் கொடுப்பார்களாம். மெஷின், எந்த மூலையில் கிடந்தாலும் ஒரே பெயர்க்காரரின் நிலத்தையெல்லாம் பொறுக்கி ஒரே இடத்தில் அடுக்குமாம்.

முதல் நாளே தலைமை எழுத்தர் கஸ்தூரிரங்கன் சுற்றறிக்கையின் ஏழாவது விதியைப் படித்துக் காட்டியிருந்தார். சீட்டில் 'மேற்படி' என்று எழுதக் கூடாது.

"பதிவேட்டுல ஒரு வரி இன்னொரு வரி தோள்ல கையைப் போட்டுண்டு நிக்கும். சீட்டுக்கு அந்த சௌகரியம் கிடையாது. பெட்டியைக் கவுத்துக் கொட்டினாலும் ஒவ்வொண்ணும் தன் பேரைத் தானே சொல்லணும். புரியறதோன்னோ?" என்றார்.

ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்தின் கையெழுத்தில் பதிவேடு பூராவும் மேற்படிதான். ஒரே ஆளின் பெயரைப் பத்துத் தரம் எழுத யாருக்குக் கை வரும்? ஒரு தரம் பெயர், அப்புறம் கீழே கீழே ௸ என்று ஒரு சுழி. தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதுகிறவர்கள் போட்டு வந்த சுழி அது. நகல் எழுதுகிறவள் அந்தச் சுழியில் விரலை வைத்து, வரி வரியாக மேலே ஏறி, ஒரு பெயர் தட்டுப்படும்வரை போய், அந்தப் பெயரைக் கீழே கொண்டுவந்து சீட்டில் எழுத வேண்டும். சில பெயர்களுக்குப் பதினைந்து வரி ஏற வேண்டியிருக்கும். சுந்தரவல்லிக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் பிடித்திருந்தன. பேசாமல் செய்யக்கூடிய வேலை. சுழிக்குள் அடைந்து கிடக்கிற ஒருவரை வெளியே எடுத்து விடுகிற மாதிரிகூட அவளுக்குச் சில நேரம் தோன்றும்.

சீட்டுகளிலிருந்து ஒரு வரைவுப் பட்டியல் எடுத்துப் பூந்தாங்கல் சாவடிச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டிய நாலாம் நாள், மதியம், கணுக்கால்வரை சேறு காய்ந்த காலோடு ஒரு பெண்பிள்ளை அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"பூந்தாங்கலு சீட்டு எய்துனது யாரு?"

ஐந்து தலையும் சுந்தரவல்லியின் பக்கம் திரும்பின.

"யம்மா, நீதானா? என் பேர எங்க ஒளிச்சி வெச்சிக்கீற?"

"உங்க பேர் என்ன?"

"எல்லம்மா. தாமோதரன் பொஞ்சாதி. அவுரு போயி ஒம்போது வருசம் ஆவுது. அதுலேர்ந்து ஏரு பூட்டறது, பரம்பு அடிக்கறது, மடை கட்டறது எல்லாம் நானு."

சுந்தரவல்லி தகரப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைத் தள்ளித் தேடினாள். அன்று மூன்று மணிக்கு ஜீப் வந்து பெட்டியை எடுத்துப் போவதாக இருந்தது. கஸ்தூரிரங்கன் தம் மேஜையில் மெழுகுவர்த்தி ஏற்றி முத்திரை வைக்க அரக்குக் கட்டியை எடுத்து வைத்திருந்தார்.

"இதோ இருக்கே. நில எண் 211/4. பன்னிரண்டு சென்ட். சாகுபடி எல்லம்மாள்."

"அது நாத்தங்கால். கீயண்டை நடவு கயனி மூணு கீதே, அது?"

சுந்தரவல்லி அதற்கடுத்த எண்களுக்கான மூன்று சீட்டையும் தேடி எடுத்தாள். 212/1, 212/2, 213. மூன்றும் அவள் கையெழுத்து. மூன்றிலும் சொந்தக்காரர் வேதாசலம், சாகுபடியும் வேதாசலம். சொன்னாள்.

எல்லம்மாள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"நாத்து வுடறது நானு, நடறது வேதாசல நைனாவா? அவுரு வரப்புல செருப்பக் கயட்டி எந்தக் காலத்துல பாத்தோம்? பன்னண்டு சென்ட்டு நாத்தங்கால மட்டும் வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன், நாத்தப் புடுங்கி மாலை கட்டி சாமிக்குப் போடுவனா?"

ஐந்து பேரில் ஒருவன் களுக்கென்றான். சுந்தரவல்லி சிரிக்கவில்லை. கையில் நான்கு சீட்டையும் சேர்த்துப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நாற்றங்கால் ஒருத்தியுடையது, அதையொட்டி அதே மடையில் தண்ணீர் குடிக்கிற மூன்று கழனி இன்னொருவருடையது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டும் யோக்கியமாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் பொய் தெரிந்தது.

கஸ்தூரிரங்கன் எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை. இரண்டு மாற்றலில் நொந்துபோனவர். மூன்றாவது வேண்டாம் என்று தினமும் பெருமாளை வேண்டுகிறவர்.

"அம்மா, இதெல்லாம் மனு குடுக்க வேண்டிய விஷயம். முப்பது நாள் டயம் இருக்கு. காஞ்சிபுரம் போய் அதிகாரிகிட்டக் குடு."

"குடுத்தா?"

"அத்தாட்சி கேப்பா. குத்தகை அளந்த ரசீது, அந்த மாதிரி ஏதாவது."

"ரசீதா? களத்துல நின்னு ரசீது கேட்டா அடுத்த போகம் ஏரு பூட்ட வுடுவாரா சார்? அந்தப் பட்டியல்ல இப்பிடியே போச்சின்னா தை அறுப்போட என்ன வரப்பேற வுட மாட்டாரு. எனக்கு வேற கயனி கெடையாது. வேற வேலையும் தெரியாது."

சுந்தரவல்லி இதற்குள் பதிவேட்டைப் பிரித்திருந்தாள்.

மேல் ஓரமெல்லாம் கரையான் அரித்த பதிவேடு. தாள் எண்கள் இருந்த மூலைகளைக் காணோம். ஏதோ ஒரு காலத்தில் உதிர்ந்து போனதை யாரோ திரும்பத் தைத்திருந்தார்கள். அவள் 212/1-ஐக் கண்டுபிடித்தாள். ஒரு தாளின் முதல் வரி. சாகுபடிக் கட்டத்தில் சுழி. இரண்டாம் வரி சுழி. மூன்றாம் வரி சுழி. அதற்கு மேல் ஏற வரி இல்லை. அதனால் அன்றைக்கு முந்தைய தாளின் கடைசி வரிக்குப் போயிருக்கிறாள். அங்கே 208/3, சாகுபடி வேதாசலம்.

208-க்கு அடுத்து 212.

எண் குதிப்பது அவளுக்குப் புதிதல்ல. நஞ்சையை ஒரு பக்கம் எழுதிப் புஞ்சையை வேறு பக்கம் எழுதுகிற கிராமங்கள் உண்டு. அதனால்தான் அன்று உறைக்கவில்லை. இன்று தாளைப் புரட்டினாள். 212-இல் தொடங்கிய தாள் முடிந்து அடுத்த தாளில் 209 வந்தது. 210 வந்தது. கடைசி வரி 211/4. எல்லம்மாள்.

இரண்டு தாளை இடம் மாற்றித் தைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

சுந்தரவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். கர்ணம் பொய் எழுதவில்லை. அவர் எழுதியபோது அந்தச் சுழிக்கு நேர்மேலே எல்லம்மாள் இருந்தாள். தைத்தவனுக்கு எழுத்தே தெரிந்திருக்காது. இருவருக்கும் நடுவில், தப்பான பெயரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைத்தது யார்? சீட்டின் மூலையில் அவளுடைய இரண்டெழுத்து இனிஷியல் அழகாக, சுழித்து, நிதானமாகப் போடப்பட்டிருந்தது.

"இன்னா சார், ஜீப் வரலியா இன்னும்?"

வாசலில் வேதாசலம். கட்டடம் அவருடையது. கூரை பார்க்கிறேன், வாடகைச் சீட்டு வாங்க வந்தேன் என்று வாரம் இரண்டு தரம் வருவார். எல்லம்மாளைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாமே, நடவ வுட்டுட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"நடவுக்குத்தான் ஆளு இருக்கே நைனா. நீங்கதான் நடறீங்களாமே, சீட்டுல எய்திக்கீது."

கஸ்தூரிரங்கன் அவசரமாக நடுவில் புகுந்து விஷயத்தைச் சொன்னார். வேதாசலம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பதிவேடு சர்க்காரோடது. அதுல மேல யாரு பேரு கீதோ அவந்தான் மேற்படி. சின்னக் கொயந்தைக்கும் தெரியும். படிச்ச பொண்ணு, பேஜார் பண்ணாம பெட்டியக் கட்டிக் குடும்மா."

"மேல யாரு இருந்தா இன்னா? கீய சேத்துல நின்னுக்கினு இருக்கறது நானு" என்றாள் எல்லம்மாள்.

"மேலே இருக்கிறது உங்க பேர் இல்லை" என்றாள் சுந்தரவல்லி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலை அவ்வளவு சத்தமாக அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

"மேலே இருக்கிறது தைச்ச நூல். இங்கே பாருங்கோ. ஒவ்வொரு தாள் அடியிலயும் அதுவரைக்கும் வந்த பரப்பைக் கூட்டிப் போட்டிருக்கார் கர்ணம். அடுத்த தாள் தலையிலே 'முன்தாள் மொத்தம்'னு அதையே எழுதியிருக்கார். 212 தொடங்கற தாள் தலையிலே அறுபத்து மூணு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். உங்க பேர் இருக்கிற தாள் அடியிலே அம்பத்தெட்டு ஏக்கர் தொண்ணூறு. ஒட்டலை. இவங்க பேர் இருக்கிற தாள் அடியிலே பாருங்கோ. அறுபத்து மூணு பன்னிரண்டு."

கஸ்தூரிரங்கன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்தபோது வேதாசலத்தைத்தான் பார்த்தார்.

"சுந்தரவல்லி, இதோ பார். நம்ம வேலை நகல். இருக்கிறதை இருக்கிறபடி இறக்கி வைக்கணும். யோசிக்கிறது மேலிடத்து வேலை."

"ஒவ்வொரு சுழிக்கும் யார்னு யோசிச்சுத்தானே சார் பேர் எழுதினேன். யோசிக்காம எழுதணும்னா சுழியையே எழுதியிருப்பேன். அன்னிக்குத் தப்பா யோசிச்சேன். அது என் தப்பு. தெரிஞ்சப்புறமும் வெச்சுண்டா அது தப்பு இல்லை, வேற."

"மனு போடட்டுமே! விசாரிச்சு மாத்துவா."

"நான் தப்பா எழுதினதுக்கு அவங்க ஏன் மனு போடணும்?"

அவள் வெற்றுச் சீட்டுக் கட்டிலிருந்து மூன்று சீட்டை உருவினாள். பழைய மூன்றிலும் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டாள். புதிதாக எழுதத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. பேனா முள் கீறுகிற சத்தம் மண்டி முழுக்கக் கேட்டது. ஐந்து பேரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். கூரையில் எங்கோ புறா சிறகடித்தது. மெழுகுவர்த்தி வீணாக எரிந்துகொண்டிருந்தது. வேதாசலம் அங்கவஸ்திரத்தைத் தோள் மாற்றித் தோள் போட்டார். யாரும் பேசவில்லை. அப்பேர்ப்பட்ட மௌனத்தில் மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். சுந்தரவல்லிக்கு அது சொந்த வீடு.

மூன்றாவது சீட்டில் மை காய ஊதிவிட்டு, "படிக்கட்டுமா?" என்று எல்லம்மாளைக் கேட்டாள்.

"படி. நல்லா சத்தமா படி."

படித்தாள். ஒவ்வொரு சீட்டையும் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை படித்தாள். எல்லம்மாள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு, "மூணு. செரி" என்றாள்.

"இன்னா சார் இது, இவதான் இங்க தாசில்தாரா?" வேதாசலத்தின் குரல் ஏறியது. "அந்தப் பொண்ண ஓரமா ஒக்காரச் சொல்லிட்டு வேற யாரையாச்சும் கையெய்த்துப் போடச் சொல்லு."

கையெழுத்து என்றது பெட்டியோடு போகிற சான்றிதழை. அச்சடித்த ஒற்றைத் தாள். 'பதிவேட்டில் உள்ள வரிசைப்படியே ஒப்பிட்டுச் சரியென்று கண்டேன்' என்ற வாசகம். கீழே நகல் எழுதினவர் கையெழுத்து, அதற்குக் கீழே தலைமை எழுத்தர் கையெழுத்து.

கஸ்தூரிரங்கன் மற்ற ஐந்து பேரையும் பார்த்தார்.

"யார் வேணாலும் போடலாம் சார்" என்றாள் சுந்தரவல்லி. "ஆனா ஆயிரத்து நூத்தி நாப்பது சீட்டுலயும் மூலையிலே என் இனிஷியல் இருக்கு. வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டா அத்தனையையும் அவர் முதல்லேர்ந்து ஒப்பிட்டிருக்கணும். ஜீப் மூணு மணிக்கு."

ஐந்து தலையும் ஐந்து பதிவேட்டுக்குள் புதைந்தன. சற்றுமுன் களுக்கென்று சிரித்தவன் இருமினான்.

கஸ்தூரிரங்கன் சான்றிதழை அவள் முன்னால் வைத்தார். "போட்டுத் தொலை."

அவள் உடனே போடவில்லை. 'பதிவேட்டில் உள்ள வரிசைப்படியே' என்ற வார்த்தைகளை அடித்தாள். பக்கத்தில், இருந்த கொஞ்ச இடத்தில், பொடி எழுத்தாக எழுதினாள்: '209 முதல் 211 வரை உள்ள தாளும் 212-இல் தொடங்கும் தாளும் இடம் மாறித் தைக்கப்பட்டுள்ளன. முன்தாள் மொத்தத்தைக் கொண்டு வரிசை கண்டு நகலெடுத்தேன். இது காரணமாக மூன்று சீட்டுகள் ரத்து செய்யப்பட்டு இணைக்கப்பட்டுள்ளன.' அப்புறம் கையெழுத்துப் போட்டாள். இனிஷியல் இல்லை, முழுப் பெயர்.

"உன்னை யார் இதெல்லாம் எழுதச் சொன்னா?" என்றார் கஸ்தூரிரங்கன். சீட்டை மாற்றினால் மாற்றிய இடம் தெரியாமல் திரும்ப மாற்றிவிடலாம். சான்றிதழில் ஏறினதை என்ன செய்வது? இன்னொரு சான்றிதழ் அச்சுத்தாளுக்குக் காஞ்சிபுரத்துக்கு எழுதிப்போட வேண்டும்.

வெளியே ஜீப் ஹார்ன் அடித்தது. நாலு தரம் அடித்தது. கஸ்தூரிரங்கன் வேதாசலத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், கீழ்க் கோட்டில் தம் கையெழுத்தைப் போட்டார். அரக்கை உருக்கிப் பெட்டிமேல் சொட்டி முத்திரையை அழுத்தினார். பெட்டி போயிற்று.

எல்லம்மாள் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. "ஆளு வுட்டுட்டு வந்துக்கீறேன், பொழுது போவுது" என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். வாசலில் வேதாசலத்தைத் தாண்டும்போது மட்டும் நின்றாள். "நைனா, நாளைக்கி ரெண்டாவது கயனி நடவு. நீங்க வர்றதுன்னா வெள்ளன வந்துடுங்க. கூலி மத்தவங்களுக்கு இன்னாவோ அதான் ஒங்களுக்கும்."

அவள் போய் வெகுநேரத்துக்கு வேதாசலத்தின் முகம் பழைய நிறத்துக்கு வரவில்லை. "இந்தப் பொண்ணு இனிமே என் கட்டடத்துல காலு வெக்கக் கூடாது சார்" என்று சுந்தரவல்லியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கஸ்தூரிரங்கன் சுந்தரவல்லியின் மேஜைக்கு வந்தார். அவளைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

"திங்கட்கிழமைலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சரி. எழுத்துல குடுங்கோ. என்ன காரணம்னு போட்டு."

அவர் எழுத்தில் எதுவும் கொடுக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அவளுடைய மேஜையும் நாற்காலியும் இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் அந்த இடத்தில் ஈரம் வேறு. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுந்தரவல்லி அலமாரியிலிருந்து அடுத்த கிராமத்துப் பதிவேட்டை எடுத்தாள். பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் பதிவேட்டை வைத்து, ஒரு சீட்டும் எழுதாமல், தாள் தாளாக அடி மொத்தத்தையும் தலை மொத்தத்தையும் ஒட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். பதினொரு மணி வரைக்கும் அதுதான் நடந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே அன்று கஸ்தூரிரங்கன் எதுவும் போடவில்லை. அவள் எழுந்து போய்த் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் வேதாசலம் காஞ்சிபுரத்தில் மனுக் கொடுத்தார். மூன்று கழனியும் தம் சொந்தச் சாகுபடி என்று. அங்கே அவரிடம் கேட்டார்களாம்: விதைநெல் வாங்கின சீட்டு, ஆள்கூலி எழுதின நோட்டு, ஏர் மாடு வைத்திருந்ததற்கு அத்தாட்சி, ஏதாவது இருக்கிறதா என்று. தேடிக் கொண்டுவர முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். அந்த முப்பது நாளில் எல்லம்மாள் மூன்று கழனியையும் நட்டு முடித்து முதல் களையும் எடுத்துவிட்டாள்.